நிறுவன இணைப்பில் போட்டிச் சட்ட வேலை: டெர்ம் ஷீட் முதல் குளோஸிங் வரை

புதிதாகச் சேர்ந்த இளம் வழக்கறிஞரிடம் ஒரு டீலைக் கொடுத்தால் அவர் முதலில் திறப்பது, எவ்வளவு பெரிய டீலுக்குப் போட்டி ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும் என்று சொல்லும் வரம்புத் தொகை அட்டவணையைத்தான். 2,500 கோடி, 7,500 கோடி என்று பார்த்துவிட்டு "தாக்கல் தேவையில்லை" என்று மெயில் அனுப்பிவிடுவார். கூட்டல் கழித்தல் சரியாகவே இருக்கும். ஆனால் யார், எதை, எந்த உரிமைகளோடு, எத்தனை தவணையில் வாங்குகிறார் என்று கேட்காமலே கணக்குப் போட்டிருப்பார். இந்த வேலையில் பெரும்பாலான தவறுகள் சட்டம் தெரியாமல் வருவதில்லை, வரிசை மாறுவதால் வருகின்றன.

இங்கே சொல்வது இந்தியப் போட்டி ஆணையத்தின் (சிசிஐ) முன் வரும் டீல்களைப் பற்றி. 2023 திருத்தச் சட்டத்தின் இணைப்புப் பிரிவுகள் 2024 செப்டம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தன. அதற்கு முந்தைய டெம்ப்ளேட்டும் பழைய மெமோவும் பல இடங்களில் இன்று தவறான விடை தரும், எடுத்து ஒட்டாதீர்கள்.

1. கையில் இருக்க வேண்டியவை

கட்சிக்காரரிடம் முதல் நாளே கேட்டு வாங்க வேண்டியவை இவை: டெர்ம் ஷீட் (டீலின் முக்கிய நிபந்தனைகளைச் சொல்லும் தாள்) அல்லது வரைவு ஒப்பந்தம், இரு தரப்பின் தணிக்கை முடிந்த கணக்குகள், வாங்குபவரின் முழுக் குழுமப் படம், அந்தக் குழுமம் 10 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருக்கும் நிறுவனங்களின் பட்டியல், போர்டில் இடமோ பார்வையாளர் இருக்கையோ உள்ள நிறுவனங்களின் பட்டியல், இந்த டீலுக்காக போர்டின் முன் வைத்த பிரசன்டேஷன்கள்.

கடைசி மூன்றும் எப்போதும் தாமதமாகத்தான் வரும். பல வாரம் கழித்து வந்து எல்லாவற்றையும் புரட்டிப்போடுவதும் அவைதான். அதனால் அவை வராமல் எழுத்தில் கருத்துச் சொல்ல வேண்டாம். கட்சிக்காரர் அவசரப்படுத்தினால், எந்தத் தகவலை நம்பி அந்தக் கருத்து எழுதப்பட்டது என்பதை முதல் பத்தியிலேயே போட்டுவிடுங்கள்.

2. டீலைத் தாளில் வரையுங்கள்

ஒவ்வொரு படியையும் ஒரு பெட்டியாகப் போடுங்கள்: பங்கு வாங்குதல், புதிய பங்கு ஒதுக்கீடு, பங்காக மாற்றத்தக்க கடன் பத்திரம், சொத்து விற்பனை, குத்தகை, திறந்த சலுகை (பொதுப் பங்குதாரர்களிடம் பங்கை வாங்க முன்வருவது). இந்தப் படி நடக்காவிட்டாலும் அந்தப் படி நடக்குமா என்று இரண்டிரண்டாகக் கேளுங்கள். நடக்காது என்றால் இரண்டும் ஒரே கூட்டிணைப்பு (இணைப்பையும் கையகப்படுத்தலையும் சேர்த்துச் சொல்லும் சட்டச் சொல்). ஆணையத்திடம் ஒப்புதல் கேட்டுக் கொடுக்கும் ஒரே நோட்டீஸில் போக வேண்டும்.

காரணம், தனியே பார்த்தால் விலக்குப் பெறும் ஒரு படி பெரிய டீலின் பகுதியானால் அந்த விலக்கை இழக்கும். தாமஸ் குக் - ஸ்டெர்லிங் ஹாலிடே விவகாரத்தில் சந்தையில் வாங்கிய பங்குகள் தனி விஷயம் என்று வாதிட்டார்கள். உச்ச நீதிமன்றம் 2018இல் அதை ஏற்கவில்லை. 1 கோடி ரூபாய் அபராதம் உறுதியானது. எதிஹாட் - ஜெட் ஏர்வேஸ் டீலில் ஹீத்ரோ விமான நிலைய ஸ்லாட்டுகளை (விமானம் இறங்கி ஏற ஒதுக்கப்பட்ட நேரங்களை) முன்கூட்டியே விற்றதை ஆணையம் டீலின் ஒரு துண்டாகவே பார்த்து 2013இல் 1 கோடி விதித்தது.

வணிகக் குழுவினர் "அது வேறு ஒப்பந்தம் சார்" என்பார்கள். தனி ஒப்பந்தம் என்பதாலேயே தனி டீல் ஆகிவிடாது.

3. கைமாறும் உரிமைகளைப் படியுங்கள்

சதவீதத்தைப் பார்ப்பதற்கு முன் பங்குதாரர் ஒப்பந்தத்தின் உரிமைப் பகுதியைப் படிக்க வேண்டும். இப்போது சட்டத்தில் 'கட்டுப்பாடு' என்பதன் அளவுகோல் 'கணிசமான செல்வாக்கு'. 51 சதவீதம் தேவையில்லை. பட்ஜெட்டுக்கும் வணிகத் திட்டத்துக்கும் வீட்டோ, தலைமை அதிகாரி நியமனத்தில் சம்மதம், போர்டில் இடம் ஆகியவை சேர்ந்தால் 12 சதவீதப் பங்கே போதுமானதாகிவிடலாம்.

25 சதவீதத்துக்குக் கீழே 'வெறும் முதலீடாக' வாங்கினால் விலக்கு உண்டு. இந்த விலக்கைத்தான் அதிகம் பேர் தவறாகப் பயன்படுத்துகிறார்கள். போர்டில் இடமோ பார்வையாளரை அனுப்பும் உரிமையோ இருக்கக் கூடாது. வணிக ரகசியத் தகவலைப் பெறும் உரிமையும் இருக்கக் கூடாது. வாங்குபவர் குழுமமோ அதன் அஃபிலியேட்டுகளோ (அதோடு தொடர்புள்ள நிறுவனங்கள், 6ஆம் படியில் விளக்கம்) இலக்கு நிறுவனத்தோடு, அதாவது வாங்கப்படும் நிறுவனத்தோடு, வணிகத்தில் எங்கேயாவது உரசினால் எல்லை 25 அல்ல, 10 சதவீதம்.

இங்கே இரண்டு பொறிகள் இருக்கின்றன. முதலாவது தகவல் உரிமை. மாதாந்திர எம்ஐஎஸ் அறிக்கை (நிர்வாகத்துக்கான உள் கணக்கு அறிக்கை) கேட்கும் ஒரு வரி, ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் யார் கண்ணிலும் படாமல் கிடக்கும். சட்டப்படி எல்லாப் பங்குதாரருக்கும் கிடைக்கும் ஆண்டறிக்கை ஒரு பொருட்டல்ல. வாடிக்கையாளர் வாரியான விலையும் லாப விகிதமும் அப்படியல்ல. அந்த வரியை நீக்குங்கள், இல்லையென்றால் நோட்டீஸ் கொடுங்கள்.

இரண்டாவது, நோக்கம் பற்றிக் கட்சிக்காரர் வெளியே பேசியவை. மங்களூர் கெமிக்கல்ஸ் பங்குகளில் 24.46 சதவீதத்தை எஸ்சிஎம் சாலிஃபெர்ட் பங்குச் சந்தையில் வாங்கியது. வெறும் முதலீடு என்றது. ஆணையம் ஏற்காமல் 2 கோடி அபராதம் போட்டது, உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதி செய்தது. வாங்கிய பங்கை எஸ்க்ரோவில் (மூன்றாம் நபர் வசமுள்ள தனிக் கணக்கில்) வைத்ததும் காப்பாற்றவில்லை. எனவே சதவீதம் பார்க்கும் அதே நேரத்தில் கட்சிக்காரரின் பத்திரிகைக் குறிப்பு, முதலீட்டாளர் அழைப்பு, பங்குச் சந்தை அறிவிப்பு எல்லாவற்றையும் தேடிப் படியுங்கள்.

4. வரம்புக் கணக்கு

இப்போதுதான் அட்டவணையைத் திறக்க வேண்டும். இரு தரப்பையும் சேர்த்து இந்தியாவில் சொத்து 2,500 கோடிக்கு மேல், அல்லது விற்றுமுதல் 7,500 கோடிக்கு மேல் என்பது ஒரு அளவுகோல். உலக அளவில் சொத்து 125 கோடி டாலருக்கு மேல், அதில் இந்தியாவில் குறைந்தது 1,250 கோடி ரூபாய். அல்லது விற்றுமுதல் 375 கோடி டாலருக்கு மேல், அதில் இந்தியாவில் குறைந்தது 3,750 கோடி ரூபாய். டீலுக்குப் பின் இலக்கு நிறுவனம் சேரப்போகும் குழுமத்துக்கு இந்தியாவில் சொத்து 10,000 கோடி, விற்றுமுதல் 30,000 கோடி. உலக அளவில் 500 கோடி டாலர், 1,500 கோடி டாலர், இந்தியப் பங்கு முன் சொன்ன அளவே. இவற்றில் எது தாண்டினாலும் அடுத்த கேள்விக்குப் போகிறோம்.

அடுத்தது சிறு இலக்கு விலக்கு. இலக்கு நிறுவனத்துக்கு இந்தியாவில் சொத்து 450 கோடிக்கு மிகாமல் இருந்தால், அல்லது விற்றுமுதல் 1,250 கோடிக்கு மிகாமல் இருந்தால் நோட்டீஸ் வேண்டாம். 'அல்லது' என்பதைக் கவனியுங்கள். இரண்டும் குறைவாக இருக்க வேண்டும் என்று படித்துக்கொண்டு, தேவையே இல்லாத தாக்கலுக்குக் கட்சிக்காரரை இழுத்துச் செல்பவர்களும் உண்டு.

கணக்கில் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்: சொத்து என்பது நிகர மதிப்பு அல்ல. தேய்மானம் கழித்த புத்தக மதிப்பு. கடனைக் கழிக்கக் கூடாது, பிராண்டையும் நற்பெயர் மதிப்பையும் விட்டுவிடவும் கூடாது. இந்திய விற்றுமுதலில் குழுமத்துக்குள் நடந்த விற்பனை, மறைமுக வரி, வணிகத் தள்ளுபடி, வெளிநாட்டு வாடிக்கையாளரிடமிருந்து வந்த தொகை ஆகியவை நீங்கும். ஏற்றுமதியை நம்பியே ஓடும் திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனம் ஒன்றை எடுத்தால், கணக்கேட்டில் 1,600 கோடி விற்றுமுதல் காட்டினாலும் இந்தியக் கணக்குக்கு 100 கோடிகூடத் தேறாமல் போகலாம்.

ஒரு பிரிவை மட்டும் வாங்கினால் அந்தப் பிரிவின் சொத்தும் விற்றுமுதலும்தான் இந்த விலக்குக்குக் கணக்கு. பிரிவுக்குத் தனிக் கணக்கு இல்லையென்றால் தணிக்கையாளர் சான்று வாங்குங்கள். எக்செல் தாளை நம்பி விலக்கு எடுக்காதீர்கள்.

எடுத்துக்கொள்ள வேண்டியது கூட்டிணைப்புத் தேதி விழும் நிதியாண்டுக்கு முந்தைய ஆண்டின் கணக்கு. பிப்ரவரியில் போட்ட கணக்கோடு ஏப்ரலில் கையெழுத்துப் போகும் டீல் ஏராளம். மார்ச் 31 தாண்டினால் மறுபடி போடுங்கள்.

5. டீல் மதிப்பு: விலக்கைத் தின்னும் விதி

டீல் மதிப்பு 2,000 கோடிக்கு மேல் போய், இலக்குக்கு இந்தியாவில் கணிசமான செயல்பாடும் இருந்தால் நோட்டீஸ் கட்டாயம். சிறு இலக்கு விலக்கு இங்கே செல்லாது. ஆகவே 4ஆம் படியில் விலக்குக் கிடைத்த மகிழ்ச்சியில் கோப்பை மூடக் கூடாது.

கணிசமான செயல்பாடு என்பதற்கு மூன்று வழி. டிஜிட்டல் சேவையில் உலகப் பயனர்களில் 10 சதவீதமோ அதற்கு மேலோ இந்தியாவில் இருப்பது ஒன்று. தளத்தின் வழி நடந்த மொத்த விற்பனை மதிப்பிலோ விற்றுமுதலிலோ இந்தியாவின் பங்கு 10 சதவீதமோ மேலோ இருந்து, அது 500 கோடியையும் தாண்டுவது மற்ற இரண்டும். டிஜிட்டல் சேவைக்கு அந்த 500 கோடி நிபந்தனை கிடையாது. இதைத் தவறவிட்டால், விற்றுமுதலே இல்லாத ஒரு செயலியை வாங்கும் டீலில் கட்சிக்காரரைத் தவறான வழியில் அனுப்பிவிடுவீர்கள்.

மதிப்பு என்பது பங்கு விலை மட்டும் அல்ல. போட்டியிடாமல் இருப்பதற்குத் தரும் தொகை, பின்னால் தரவிருக்கும் தொகை, ஒப்புக்கொண்ட அளவை எட்டினால் தருவதாகச் சொன்ன தொகை, டீல் நடைமுறைக்கு வந்து இரண்டு ஆண்டுக்குள் வரும் உரிமம் போன்ற பக்க ஏற்பாடுகள், முழுதாகப் பயன்படுத்தியதாகக் கொண்டு கால் ஆப்ஷன் (பின்னால் பங்கு வாங்கும் உரிமை) எல்லாம் சேரும். 1,800 கோடி டீல் 2,000 கோடியைத் தாண்டுவது இந்தப் பக்கவாட்டுத் தொகைகளால்தான். மதிப்பை நியாயமான உறுதியோடு சொல்ல முடியாவிட்டால் வரம்பு தாண்டியதாகவே கொள்ளப்படும். மதிப்பீட்டைப் போர்டு பதிவு செய்யச் சொல்லுங்கள். பின்னாளில் கேள்வி வந்தால் அந்தத் தீர்மானம்தான் சாட்சி.

6. ஓவர்லாப் தேடல்

ஓவர்லாப் என்பது இரு தரப்பின் வணிகமும் உரசும் இடம். நேரத்தில் பெரும்பகுதியை இங்கே செலவிடுங்கள். தேட வேண்டியது மூன்று உறவுகளை: ஒரே பொருளில் இருவரும் போட்டியிடுவது, ஒருவர் விற்பது மற்றவருக்கு மூலப்பொருளாவது, இருவர் பொருளும் சேர்ந்து பயன்படுவது.

தேடலின் எல்லை வாங்கும் நிறுவனத்தோடு நிற்காது. அதன் குழுமமும் அஃபிலியேட்டுகளும் உண்டு. 10 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு, போர்டு இடம் அல்லது பார்வையாளர் உரிமை, வணிக ரகசியத் தகவல் உரிமை, இவற்றில் ஒன்று இருந்தாலே ஒரு நிறுவனம் அஃபிலியேட் ஆகும். தனியார் முதலீட்டு நிதி வாங்குபவராக இருந்தால் பட்டியல் நூறைத் தாண்டுவது சாதாரணம். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே என்ன விற்கிறது, யாருக்கு, எந்த மாநிலத்தில் என்று மூன்று நெடுவரிசை போடுங்கள்.

இணையதளத்தைப் பார்த்து நிரப்பினால் போதாது. பழைய பக்கம் ஒன்றில் கைவிட்ட பொருள் இருக்கும். புதிய பொருள் எங்குமே இருக்காது. அந்த நிறுவனத்தின் விற்பனை அதிகாரியோடு அரை மணி நேரம் பேசுங்கள். "உங்கள் டெண்டரில் எதிரே யார் வருவார்கள்?" என்பதுதான் பயன் தரும் கேள்வி. "உங்கள் போட்டியாளர் யார்?" என்று கேட்டால் விளம்பர வாசகம்தான் கிடைக்கும்.

சந்தையைக் குறுக்கியும் விரித்தும் இரண்டு விதத்திலும் பங்கைக் கணக்கிடுங்கள். நாடு முழுக்க 8 சதவீதம் என்பது ஒரு பகுதியில் 40 ஆகலாம். சிமென்ட்டுக்கு வண்டி வாடகைதான் எல்லை போடுகிறது. ஹோல்சிம் - லஃபார்ஜ் இணைப்பில் ஆணையம் கிழக்கு இந்தியாவையே தனிச் சந்தையாக எடுத்து, அங்குள்ள ஆலைகளை விற்கச் சொன்னது. நம் பக்கம் சிமென்ட், பால், மருத்துவமனை, திரையரங்கு போன்றவற்றில் மாநிலக் கணக்கும் ஊர்க் கணக்கும் போடாமல் போகக் கூடாது. உங்களுக்குச் சாதகமில்லாத குறுகிய எல்லையின் எண்ணையும் நீங்களே கொடுத்துவிடுவது நல்லது. ஆணையம் கண்டுபிடித்துக் கேட்கும்போது சொல்வதைவிட முதலில் சொல்வதற்கு மதிப்பு அதிகம்.

7. எந்தக் கதவு

ஓவர்லாப் எதுவுமே இல்லையென்றால் கிரீன் சேனல்: தாக்கல் செய்த அன்றே ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்ளப்படும். படிவம் 1 பொதுவானது, கட்டணம் 30 லட்சம். ஒரே பொருளில் கூட்டுப் பங்கு 15 சதவீதத்துக்கு மேல், அல்லது மேல்-கீழ் உறவில் (ஒருவர் விற்பது மற்றவருக்கு மூலப்பொருளாகும் உறவு) 25 சதவீதத்துக்கு மேல் என்றால் படிவம் 2 பரிந்துரைக்கப்படுகிறது. கட்டணம் 90 லட்சம்.

கிரீன் சேனலின் வேகம் எல்லோரையும் இழுக்கும். ஆனால் ஒரே ஓர் அஃபிலியேட்டின் ஒரே ஒரு பொருள் உரசினாலும் ஒப்புதல் ஆரம்பத்திலிருந்தே செல்லாது, அதன் மேல் அபராதமும் வரும். பட்டியலில் சந்தேகம் தரும் ஒரு வரி இருந்தாலும் படிவம் 1 வழியே போங்கள். கட்டணம் இரண்டுக்கும் ஒன்றுதான். மிச்சமாவது சில வாரங்கள் மட்டும்.

8. ஒப்பந்தத்தில் உங்கள் வரிகள்

கையெழுத்துக்கு முன்பே சரிசெய்ய வேண்டியவை மூன்று. முன்நிபந்தனையில் சிசிஐ ஒப்புதல் தெளிவாக இருக்க வேண்டும். "தேவையான ஒப்புதல்கள்" என்ற பொதுவரி போதாது. டீல் முடிய வேண்டிய கடைசித் தேதியை 30 நாளை நம்பி வைக்காதீர்கள்: முதல் கட்டக் கருத்துக்கு 30 நாள், முழு நடைமுறைக்கு 150 நாள், அதற்கு முன் தயாரிப்புக்கு ஒன்றிரண்டு மாதம். ஓவர்லாப் பெரிதாக இருந்தால் ஒன்பது மாதத்துக்குக் குறையாமல் கேளுங்கள். மூன்றாவது, ஆணையம் ஏதாவது விற்கச் சொன்னால் யார், எதுவரை ஒப்புக்கொள்வது என்பது. இதைப் பேசாமல் விட்டால் பேரம் மிக மோசமான நேரத்தில் திரும்ப வரும்.

9. முன்-ஆலோசனையும் நோட்டீஸும்

பங்கு வாங்கும் டீலில் நோட்டீஸ் கொடுப்பது வாங்குபவர். இணைப்பில் இரு தரப்பும் சேர்ந்து. இலக்கு நிறுவனத்தின் தகவலை அதன் வழக்கறிஞர் நேராக உங்களுக்கு அனுப்பட்டும், கட்சிக்காரர் வழியே வேண்டாம். போட்டியாளர்கள் இருவர் ஒப்புதலுக்கு முன் விலைப் பட்டியலைக் கைமாற்றிக்கொள்வது தனிக் குற்றமாகலாம்.

சந்தை எல்லையிலோ படிவத்திலோ ஐயம் இருந்தால் ஆணைய அதிகாரிகளோடு முன்-ஆலோசனை கேளுங்கள். அவர்கள் சொல்வது ஆணையத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் எந்தத் தரவு இல்லாமல் போனால் நோட்டீஸ் திரும்பி வரும் என்பது அங்கே தெரிந்துவிடும். முழுமையற்ற நோட்டீஸ் செல்லாது என்று திரும்பினால் நாள் கணக்கு முதலிலிருந்து.

போர்டு ஆவணங்களைப் படிவம் கேட்கும். அவற்றை நீங்கள் முழுதாகப் படித்த பிறகே நோட்டீஸின் 'நோக்கம்' பகுதியை எழுதுங்கள். நோட்டீஸில் ஒன்றும் உள் மெயிலில் வேறொன்றும் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அமேசான் - ஃப்யூச்சர் கூப்பன்ஸ் விவகாரமே போதும். 2019இல் கொடுத்த ஒப்புதலை ஆணையம் 2021 டிசம்பரில் நிறுத்திவைத்து, படிவம் 2இல் புதிதாகத் தாக்கல் செய்யச் சொல்லி, மொத்தம் 202 கோடி அபராதமும் விதித்தது. அதே குழுமத்தின் ஃப்யூச்சர் ரீடெய்ல் மீதான உண்மையான நோக்கம் மறைக்கப்பட்டது என்பதே காரணம்.

ரகசியம் கோரும் பகுதிகளை வரிக்கு வரி குறியுங்கள். முழுப் பக்கத்தையும் கறுப்படித்தால் பெரும்பாலும் திரும்பி வரும்.

10. கேள்விகளும் இரண்டாம் கட்டமும்

ஆணையம் போட்டியாளர்களையும் வாடிக்கையாளர்களையும் கேட்கும். நோட்டீஸில் நீங்கள் கொடுத்த தொடர்பு விவரம் தவறாக இருந்தால் தாமதம் உங்கள் தலையில் விழும். பெரிய வாடிக்கையாளர்களிடம் டீலைப் பற்றி முன்பே சொல்லிவைக்கக் கட்சிக்காரரைத் தூண்டுங்கள். என்ன பதில் எழுத வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க மட்டும் விடாதீர்கள்.

போட்டிக்குக் கேடு வரும் என்ற முதல்நிலைக் கருத்து உருவானால் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும். பதிலுக்கு 15 நாள். அதற்குள் பொருளாதார நிபுணர் அறிக்கையைப் புதிதாக எழுத முடியாது. ஆகவே 6ஆம் படியில் பங்கு அதிகமாகத் தெரிந்த அன்றே நிபுணரை அழைத்துவிடுங்கள்.

தீர்வு தருவதானால் முதல் கட்டத்திலேயே முன்வையுங்கள், புதிய விதிகள் அதற்கு இடம் தருகின்றன. ஆலையையோ பிராண்டையோ விற்கும் தீர்வு, நடத்தை வாக்குறுதியைவிட எளிதில் ஏற்கப்படும். வாக்குறுதியை வருடக்கணக்கில் யாராவது கண்காணிக்க வேண்டுமே. விற்கும் துண்டு தன் காலில் நிற்க வேண்டும். பிராண்டைக் கொடுத்துவிட்டு அதைத் தயாரிக்கும் ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டால் ஏற்பு கிடைக்காது.

11. காத்திருக்கும் காலம்

ஒப்புதலுக்கு முன் டீலை நிறைவேற்றினால் மொத்த விற்றுமுதல், சொத்து, டீல் மதிப்பு இவற்றில் எது அதிகமோ அதில் 1 சதவீதம் வரை அபராதம். நிறைவேற்றம் என்பது பணத்தை முன்கூட்டியே அனுப்புவது மட்டும் அல்ல. புதிய முதலாளியின் ஆள் வாராந்திர விற்பனைக் கூட்டத்தில் உட்காருவது, இலக்கின் வழக்கமான கொள்முதலுக்கு அனுமதி கேட்க வைப்பது, விற்பனைக் குழுக்களைச் சேர்ப்பது எல்லாம் அந்தக் கணக்கில் வரலாம். இலக்கின் மதிப்பைக் காக்க, வழக்கத்துக்கு மாறான பெரிய செலவுக்குச் சம்மதம் கேட்பது சரி. தொகை வரம்பை அந்த நிறுவனத்தின் அன்றாடச் செலவுக்கு மேலே வையுங்கள்.

கையெழுத்தான அன்றே இரு தரப்பு மேலாளர்களுக்கும் ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள். சட்டப் பிரிவு எண் வேண்டாம். "இந்த மெயிலை அனுப்பாதே, இந்தக் கூட்டத்துக்குப் போகாதே" என்ற அளவில் இருந்தால்தான் படிப்பார்கள். ஒருங்கிணைப்புத் திட்டத்துக்கு ரகசிய எண்கள் தேவையென்றால், விற்பனையோடும் விலை நிர்ணயத்தோடும் தொடர்பில்லாத சிறு குழுவை அமைத்து, வெளியே போகும் அறிக்கையில் எண்களைத் திரட்டிக் கொடுங்கள்.

பங்குச் சந்தையில் வாங்குவதற்கும் திறந்த சலுகைக்கும் சலுகை உண்டு: ஒப்புதலுக்கு முன் பங்கைப் பெறலாம். ஆனால் குறித்த காலத்துக்குள் நோட்டீஸ் போக வேண்டும். ஒப்புதல் வரும்வரை, நிறுவனக் கலைப்பு, திவால் தொடர்பான விஷயங்கள் தவிர, வாக்குரிமையைப் பயன்படுத்தக் கூடாது. டிவிடெண்ட் பெறலாம், பங்கை விற்கலாம்.

12. குளோஸிங்

ஒப்புதல் ஆணையின் கடைசிப் பத்தியைப் படியுங்கள். தந்த தகவல் தவறென்று தெரிந்தால் ஒப்புதல் ரத்தாகும் என்று அங்கே இருக்கும். எனவே நோட்டீஸுக்கும் குளோஸிங்குக்கும் (பணமும் பங்கும் கைமாறி டீல் முடிவதற்கும்) இடையே டீலில் என்ன மாறியது என்று வரிவரியாக ஒப்பிடுங்கள்: கூடுதல் வீட்டோ, மாறிய சதவீதம், புதிதாக வந்த இணை முதலீட்டாளர். மாற்றம் இருந்தால் நிறைவேற்றும் முன் ஆணையத்திடம் தெரிவித்துவிட்டு, பதில் வந்த பிறகே பணத்தை நகர்த்தச் சொல்லுங்கள்.